அந்த இடுப்புப் பட்டை வேண்டாம்

என் செல்ல மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். உன்னையும் மாப்பிள்ளையையும் பேரனையும் தலைவலி காய்ச்சல் என்று எதுவும் அண்டாமல் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே பேனாவை எடுத்தேன். இங்கே நாங்களும் இருக்கிறோம், எப்படி இருக்கிறோம் என்பதைப் போகப்போகச் சொல்கிறேன், முதலில் நல்ல சேதியை எல்லாம் சொல்லிவிடுகிறேன். உன் தம்பியின் மூத்தவள் பள்ளிக்கூடத்து ஓட்டப் பந்தயத்தில் முதலாவதாக வந்தாள், அப்புறம் எல்லாப் பள்ளிக்கூடமும் சேர்ந்து ஓடியதில் இரண்டாவது, முதலாவதாக வந்தவள் இவளைவிட இரண்டு வயது பெரியவளாம், காலும் அரை அடி நீளமாம், அதனால் என்னைக் கேட்டால் நம் பிள்ளைதான் முதல். கணக்குப் பரீட்சையில் தொண்ணூற்றாறு வாங்கியிருக்கிறாள், மீதி நாலு எங்கே போச்சு என்று உன் தம்பி கேட்டான், நீ படிச்ச காலத்துல அந்த நாலுதானே உனக்கு வந்துச்சு, பேசாம இரு என்று வாயை அடைத்துவிட்டேன். சின்னவன் வாலு நாடகத்தில் நடித்தான், மரமாக. வசனம் ஒன்றும் கிடையாது, இருபது நிமிஷம் ஆடாமல் அசையாமல் நின்றான், அவனை இருபது நிமிஷம் ஒரே இடத்தில் நிறுத்துவது எவ்வளவு பெரிய காரியம் என்பது இந்த வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும், டீச்சர் தனியாகக் கூப்பிட்டுக் கை கொடுத்தாராம். உன் மகன் பொம்மை வண்டி ஒன்று செய்து அது தானாகவே சுவரைப் பார்த்துத் திரும்புகிறது என்று பரிசு வாங்கியதையும், நீ எலும்பு முறிவு வார்டுக்கே தலைமை நர்ஸ் ஆனதையும் தெருவில் ஒருத்தர் விடாமல் சொல்லிவிட்டேன், முனைக்கடைத் தையல்காரர் மட்டும், அம்மா நீங்க போன வாரமே சொல்லிட்டீங்க, அதுக்கு முந்தின வாரமும் சொன்னீங்க என்றார், சொன்னால் என்ன, இன்னொரு தரம் கேட்டால் காது தேய்ந்துவிடுமா.

இதை எல்லாம் போன புதன்கிழமை உன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார், தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். கேட்டுவிட்டு, யாரு வீட்டுப் பிள்ளைங்கம்மா இவங்க எல்லாம், கெட்டிக்காரப் பிள்ளைங்களா இருக்காங்களே, பெத்தவங்க குடுத்து வெச்சவங்க என்றார்.

மகளே, போனில் இதைப் பேச முடியாது என்றுதான் எழுதுகிறேன். போன் எடுத்தால் உன் பக்கம் வேலைக்கு நேரமாகிறது, இந்தப் பக்கம் உன் தம்பி காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறான், நான் வாயைத் திறப்பதற்குள் அழுகை முந்திக்கொள்கிறது, அழுதால் நீ, அம்மா அழாதே என்பாய், அதோடு பேச்சு முடிந்துவிடும். கடிதம் என்றால் நீ குறுக்கே பேச முடியாது. என் எழுத்து கோணலாக இருக்கும், மூத்தவள் நான் எழுதித் தரேன் பாட்டி என்றாள், வேண்டாம் என்றேன், குழந்தை படிக்கிற விஷயம் இல்லை இது. பொறுமையாகக் கடைசிவரை படி. நீ அனுப்பிய பார்சல் வியாழக்கிழமை வந்து சேர்ந்தது, உன் அப்பாவை நாற்காலியோடு சேர்த்துக் கட்டுகிற அந்த இடுப்புப் பட்டையை மாட்ட வேண்டாம் என்று உன் கையால் எழுதி அனுப்பு, இதைக் கேட்பதற்காகத்தான் இவ்வளவு பக்கமும். உன் தம்பியிடம் கெஞ்சிக் கெஞ்சிக் கடைசியில் ஒரு வார்த்தை வாங்கினேன், அக்கா எழுத்துல வேணாம்னு சொல்லட்டும், நான் அதைத் தூக்கிப் பரண்ல போட்டுடறேன், அதுவரைக்கும் மாட்ட மாட்டேன் என்றான். அதனால் உன் அப்பாவின் கால் இப்போது உன் கையில் இருக்கிறது.

உன் அப்பா என்ன வேலை பார்த்தார் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன், நீ மறந்துவிட்டாயோ என்று சில சமயம் தோன்றுகிறது. முப்பத்திநாலு வருஷம் வீடு வீடாக ஏறி இறங்கி மின்சார மீட்டர் பார்த்துக் குறித்த மனுஷன். ஒரு நாளைக்கு நூற்றுப்பத்து வீடு, மாடிப்படி தனி. ஆபீசில் அவரைக் காலில் சக்கரம் கட்டியவர் என்பார்கள். வேலை விட்ட பிறகும் பன்னிரண்டு வருஷம் காலையில் எழுந்து அந்தப் பழைய தெருக்களை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தால்தான் அவருக்குப் பல் தேய்த்தது மாதிரி. கெண்டைக்கால் சதை கல் மாதிரி இருக்கும், நீ சின்னப் பிள்ளையில் அதில் ஏறி நின்று குதித்திருக்கிறாய். மறதி அப்போதே கொஞ்சம் எட்டிப் பார்த்தது உண்மைதான், மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வீடெல்லாம் தேடுவார், ஒரே கதையை இரண்டு தரம் சொல்வார், நான்கூட, இது நேத்தே ஓடின படம் என்று கிண்டல் பண்ணுவேன். ஆனால் நம் எல்லாரையும் தெரியும், எந்த வீட்டு மீட்டர் எந்தச் சுவரில் என்றும் தெரியும்.

ஒன்பது மாசத்துக்கு முன்னால் தையல்கடை ஓரத்தில் சாக்கடை மூடிக் கல் ஆடி அவர் விழுந்தார் அல்லவா, நெற்றியில் ஆறு தையல், முழங்கையில் சிராய்ப்பு, எலும்புக்கு ஒன்றும் இல்லை. அன்றைக்கு போனில் உன் குரல் நடுங்கியதை நான் மறக்கவில்லை. உன் வார்டில் இடுப்பு உடைந்து வருகிற பெரியவர்களைப் பற்றிச் சொன்னாய், குளியலறையில் ஒரு வழுக்கல், அதோடு படுக்கை, அதோடு சளி, மூணு மாசத்துல போயிடறாங்கம்மா, நான் கண்ணால பார்க்கறேன், என் அப்பாவை அந்தக் கட்டில்ல பார்க்க என்னால முடியாது என்று அழுதாய். நீ சொன்னது பொய் இல்லை, நானும் பயந்தேன். அன்று முதல் வீட்டில் சட்டம் போட்டாயிற்று, அப்பா தனியாக எழுந்திருக்கக் கூடாது, தெருவுக்குப் போகக் கூடாது. அப்புறம் நீ அந்த நாற்காலியை அனுப்பினாய்.

அந்த நாற்காலியைப் பற்றி நான் உண்மையைச் சொல்ல வேண்டும். பொத்தானை அமுக்கினால் முதுகு சாய்கிறது, இன்னொன்றை அமுக்கினால் கால் மேலே வருகிறது, மூன்றாவதை அமுக்கினால் ஆளையே மெதுவாகத் தூக்கி நிறுத்துகிறது. தெருவே வந்து பார்த்தது. முதலில் கைதட்டியவள் நான்தான். எதிர்வீட்டம்மாவை உட்கார வைத்து நானே பொத்தானை அமுக்கிக் காட்டினேன், என் மகள் அனுப்பினது, இந்தத் தெருவிலே இது ஒண்ணுதான் என்று பெருமையில் மிதந்தேன். இவ்வளவு நாள் வெயிலில் அலைந்த மனுஷன், இனிமேல் ராஜா மாதிரி உட்காரட்டும் என்றேன். தண்ணீர் கையில் கொடுத்தோம், சட்டைப் பொத்தானை மருமகள் போட்டுவிட்டாள், செய்தித்தாளை வாலு கொண்டுவந்து மடியில் வைத்தான், ஒருத்தரை ஒருத்தர் முந்திக்கொண்டு பார்த்துக்கொண்டோம். அவரோ காலையில் ஆறு மணிக்கெல்லாம், என் செருப்பு எங்கே என்பார். அதைத் துணியில் சுற்றிப் பழைய பெட்டிக்குள் வைத்துப் பூட்டியது நான். தைக்கக் கொடுத்திருக்கு, நாளைக்கு வரும் என்பேன். பத்துப் பன்னிரண்டு நாள் கேட்டார். அப்புறம் ஒரு நாள் கேட்கவில்லை. அப்பாடா என்று இருந்தது எனக்கு, மகளே, நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதிக்காக இப்போது என்னையே திட்டிக்கொள்கிறேன், செருப்பை மறந்த அன்றைக்கு அவருக்குள்ளே வேறு என்னவெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பியது என்று எனக்குத் தெரியாமல் போயிற்று.

அதற்கப்புறம் சரிவுதான். பகலெல்லாம் தூக்கம், கூப்பிட்டால் கண்ணைத் திறப்பார், பதில் வராது. குழாயைத் திறந்தால் மூடத் தெரியவில்லை. சட்டையில் கையை எங்கே விடுவது என்று யோசிக்கிறார். வாலுவை உன் தம்பி பெயர் சொல்லிக் கூப்பிட்டார், உன் தம்பியைக் கரண்டு ஆபீஸ் மேலதிகாரி என்று நினைத்து எழுந்து நிற்கப் பார்த்தார். கெண்டைக்காலைப் பிடித்துவிடும்போது கைக்குச் சதையே அகப்படவில்லை, துவைத்த துணியைப் பிடித்தது மாதிரி இருக்கிறது. பெரிய ஆஸ்பத்திரியில் தலையைப் படம் எடுத்து மறதி நோய் என்றார்கள், மாத்திரை கொடுத்தார்கள், நீயும் போனில் கேட்டு, சரியான மாத்திரைதான் என்றாய், வேளை தவறாமல் கொடுக்கிறேன்.

மூன்று மாசத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி இருக்கும், நான் அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். உன் தம்பி பிரிட்ஜ் ரிப்பேர் கடைக்குப் போய்விட்டான், மருமகள் வேலைக்கு, பிள்ளைகள் பள்ளிக்கூடம். வாசற்படியில் நிழல் தட்டியது, திரும்பிப் பார்த்தால் இவர். சுவரைப் பிடித்துப் பிடித்து வந்திருக்கிறார், சட்டைப் பையில் பேனா. வீட்ல யாருங்க, கரண்டு ஆபீஸ்லேருந்து வரேன், மீட்டர் எந்தப் பக்கம்மா என்றார். விளையாட்டு என்று நினைத்துச் சிரித்துவிட்டேன், கல்யாணமான புதிதில் அப்படித்தான் நம் வீட்டு மீட்டரையே பார்க்க வந்த ஆள் மாதிரி வந்து நின்று, இந்த வீட்டம்மாவுக்கு விளக்கை அணைக்கத் தெரியாதா என்று வம்பு பண்ணுவார். அப்புறம் அவர் கண்ணைப் பார்த்தேன். யாரோ வீட்டுப் பொம்பளையைப் பார்க்கிற மரியாதை அதில் இருந்தது. நாற்பத்தேழு வருஷம் கூட இருந்த மனுஷன் என்னை அவ்வளவு மரியாதையாகப் பார்த்தால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வது, திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

என்ன செய்வது என்று புரியாமல், இந்தப் பக்கம் வாங்க என்று கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் வெளிச்சுவரில் இருக்கிற மீட்டரைக் காட்டினேன். குனிந்தார். கண்ணாடியின் மேல் இருந்த தூசியை ஊதினார். எண்களை ஒவ்வொன்றாக வாசித்தார், நான் கண்ணாடி போட்டுக்கொண்டு சரிபார்த்தேன், ஒரு எண்கூடத் தப்பு இல்லை. சட்டைக்குள் கையை விடத் தெரியாத ஆள். அடுத்த வீட்டுக்குப் போகணும், வரேம்மா என்று கேட்டின் தாழ்ப்பாளில் கை வைத்தார். மகளே, நான் உன் சட்டத்தை மீறினேன். உள்ளே ஓடிப் பெட்டியைத் திறந்து செருப்பைக் கொண்டுவந்து அவர் காலில் மாட்டி, கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கினேன்.

ஏழு வீடு போனோம். ஒவ்வொரு வாசலிலும் நின்று மீட்டரைப் பார்த்தார், நின்று மூச்சு வாங்கிக்கொண்டு நடந்தார். தையல்காரர் மிஷினை நிறுத்திவிட்டு வெளியே வந்து, ஐயா, வாங்க வாங்க, எத்தனை மாசம் ஆச்சு, என் கடையை மறந்துட்டீங்கன்னு நான் சந்தோஷமா இருந்தேனே என்றார். இவர் அவரை ஏற இறங்கப் பார்த்து, மீட்டருக்குத் தெரியாம மறைச்சு வெச்சிருக்கிற அந்த ரெண்டாவது மிஷின் இன்னும் ஓடுதா, சத்தம் கேக்குதே என்றார். அது அவர்களுக்குள் இருபது வருஷத்துக் கிண்டல். தையல்காரருக்குக் கண் கலங்கிவிட்டது, உள்ளே போய் முக்காலி எடுத்துவந்து போட்டார். திரும்பி வருகிற வழியில் நம் வீட்டு கேட்டு பக்கத்தில் நின்று என்னைப் பார்த்து, ஏண்டி, ஏழு வீட்டுக்கே இப்படி மூச்சு வாங்குறே, உட்கார்ந்து உட்கார்ந்து உடம்பைக் கெடுத்துக்கிட்டே என்றார். என்னைத் தெரிந்துவிட்டது அவருக்கு. அன்று முழுக்கத் தெரிந்தது. சாப்பாட்டைத் தானே எடுத்துச் சாப்பிட்டார், வாலுவை வாலு என்றே கூப்பிட்டார், உன் தம்பி பெண்டாட்டி, மாமா இன்னைக்குத் தெளிவா இருக்காரே, புது மாத்திரை வேலை செய்யுது என்றாள், நான் வாயைத் திறக்கவில்லை.

அதற்கப்புறம் எல்லாரும் கிளம்பினதும் கிளம்புவோம். ஏழு வீடு பத்தானது, பத்து பதினைந்தானது. நாட்காட்டியில் நடந்த நாளுக்கு ஒரு கோடு, என்னைத் தெரிந்த நாளுக்கு ஒரு வட்டம் போட்டு வைத்தேன். கோடு இருக்கிற நாட்களில் பாதிக்கு மேல் வட்டம் இருக்கிறது, கோடு இல்லாத நாட்களில் வட்டம் இரண்டோ மூன்றோதான். நடந்தும் தெரியாத நாளும் உண்டு, அதையும் மறைக்கவில்லை, உள்ளபடிதான் போட்டிருக்கிறேன். இதெல்லாம் ஒரு சான்றா என்று நீ கேட்பாய். நீ ஆயிரம் நோயாளியைப் பார்த்தவள், நான் பார்த்தது ஒரே ஒருத்தரை, ஆனால் அந்த ஒருத்தரை நான் பார்த்த மாதிரி நீ பார்த்ததில்லை.

அப்புறம் நடந்தது உனக்குத் தெரியும். உன் தம்பி ஏதோ சாமானை மறந்துவிட்டு நடுப்பகலில் வந்தான், தெருக்கோடியில் எங்களைப் பார்த்தான், முகத்தில் ஈயாடவில்லை. வண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்து, அறிவிருக்காம்மா உனக்கு, மறுபடி விழுந்தா யாரு அக்காவுக்குப் பதில் சொல்றது என்று நடுத்தெருவில் கத்தினான். அவனைக் குறை சொல்லாதே, அவனும் உன்னை மாதிரிதான், பயம். அன்று சாயங்காலம் நீ போனில், அம்மா உனக்கு என்ன தெரியும், நீ படிச்சது அஞ்சாங்கிளாஸ் என்றாய். அடுத்த நொடியே மன்னிச்சுக்கோம்மா என்றாய், நானும் சரி சரி என்றேன். கோபத்தில் வந்த வார்த்தை, நான் அதை முடிந்து வைத்துக்கொள்ளவில்லை. உண்மையும் அதுதானே. உன் படிப்பை ஊரெல்லாம் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு திரிகிறவளே நான்தான், உன் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஆனால் அன்று முதல் கேட்டுக்குப் பூட்டு, சாவி உன் தம்பி இடுப்பில், பகலெல்லாம் நாங்கள் இரண்டு பேரும் உள்ளே. நாட்காட்டியில் கோடும் இல்லை, வட்டமும் இல்லை.

இரண்டு வாரத்துக்கு முன்னால் முட்டிவலி என்று பொய் சொல்லிக் கிளினிக்குக்குப் போனேன், மருமகள் கொண்டுவந்து விட்டுவிட்டு வெளியே உட்கார்ந்திருந்தாள். அந்த டாக்டரம்மாவிடம் முட்டியைப் பற்றி ஒன்றும் பேசவில்லை, எல்லாவற்றையும் கொட்டினேன். உன் அப்பா ஒரு நாளைக்கு எவ்வளவு நடக்கிறார் என்று டாக்டரம்மா கேட்டார், கட்டிலிலிருந்து குளியலறைக்குப் பதினாலு அடி என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். அம்மா, நடந்தா இந்த நோய் போயிடும்னு நான் சொல்ல மாட்டேன், போனது எல்லாம் திரும்பியும் வராது. ஆனா இப்படி உட்கார வெச்சா இருக்கறதும் சீக்கிரமா போகும், ஓடற ரத்தமும் பார்க்கற முகமும் பேசற பேச்சும்தான் மூளைக்கு வேலை. விழுந்துடுவாருன்னு பயந்து உட்கார வெச்சா காலும் பலம் போயி, எழுந்திரிக்கிற அந்த ஒரு நிமிஷத்துல கட்டாயம் விழுவாரு. கூட ஒருத்தர் பிடிச்சுக்கிட்டு நடத்துங்க, நாற்காலியிலேருந்து தானா எழுந்து உட்காரப் பழக்குங்க, பொத்தானைத் தொடாதீங்க என்றார். உங்க மகளுக்கு இது தெரியாம இருக்காது, அப்பான்னு வந்தா நாங்களும் டாக்டர் நர்ஸ் எல்லாம் மறந்துபோய்ப் பிள்ளைங்களா ஆயிடறோம் என்றும் சொன்னார். சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார், இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன், என் பேச்சை நம்பாவிட்டாலும் அதைப் படி.

இனிமேல் எழுதுவதை உன் தம்பிக்குக்கூட நான் சொல்லவில்லை. பார்சல் வந்த மறுநாள் அந்தப் பட்டை எப்படித்தான் இருக்கிறது, வலிக்குமா வலிக்காதா என்று பார்க்கலாம் என்று மத்தியானம் எடுத்து நாற்காலியில் போட்டு நானே உட்கார்ந்து மாட்டிப் பார்த்தேன். மாட்டுவது சுலபமாக இருந்தது. கழற்றத் தெரியவில்லை. கொக்கி முதுகுப் பக்கம் போகிறது, இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் அமுக்க வேண்டுமாம், என் கை எட்டவில்லை. இழுத்தேன், நெளிந்தேன், ஒன்றும் நடக்கவில்லை. மூச்சு முட்டியது, உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது, என் வீட்டில் என் கூடத்தில் நான் சிறைப்பட்ட மாதிரி இருந்தது. என்னங்க என்று கத்தினேன். அவர் கட்டிலிலிருந்து எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். என்னைப் பார்த்தார். யாரு உங்களை இப்படிக் கட்டிப் போட்டது என்றார். நான் யார் என்று அவருக்குத் தெரியவில்லை, மகளே, ஆனால் கட்டிப் போட்டிருக்கிறது என்பது தெரிந்தது. பயப்படாதீங்கம்மா, இருங்க இருங்க என்று குனிந்து அந்தக் கொக்கியோடு போராடினார், விரல் நடுங்குகிறது, நகம் பிய்ந்து ரத்தம் வந்தது, விடவில்லை. அரை மணி நேரம் இருக்கும். முடியவில்லை என்றதும் என் காலடியில் தரையிலே உட்கார்ந்துவிட்டார், என் கையைப் பிடித்துக்கொண்டு, யாராவது வருவாங்க, நான் போக மாட்டேன், இங்கேயே இருக்கேன் என்றார். நாலு மணிக்கு வாலு பள்ளிக்கூடம் விட்டு கேட்டை ஏறிக் குதித்து வந்து, நீங்க ரெண்டு பேரும் என்ன விளையாட்டு விளையாடறீங்க என்று சிரித்துக்கொண்டே ஒரே அமுக்கில் கழற்றிவிட்டான்.

அதைத்தான் அவருக்குப் போடச் சொல்கிறாய். நான் ஒரு மத்தியானம்தான் அதில் இருந்தேன், எனக்கு யார் கட்டியது என்று தெரியும், அவருக்கு அதுவும் தெரியாது. பகல் முழுக்க, ஒவ்வொரு பகலும், யார் கட்டியது என்று தெரியாமல், கேட்கத் தெரியாமல் உட்கார்ந்திருப்பார். நானும் பூட்டின கேட்டுக்குள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். என்னால் முடியாது. எதற்கும் உன்னிடம் நான் கை ஏந்தியதில்லை, உன் படிப்புக்குப் பட்ட கஷ்டத்தைச் சொல்லிக் காட்டியதும் இல்லை, இப்போது காலில் விழாத குறையாகக் கேட்கிறேன், வேண்டாம் என்று எழுது.

அவர் விழலாம். அதை மறைக்க மாட்டேன். நான் பிடித்துக்கொண்டிருக்கும்போதே விழலாம், இடுப்பு உடையலாம், நீ பயந்த அந்தக் கட்டிலுக்கே போகலாம். அப்படி ஆனால் உன் தம்பி மேல் பழி வேண்டாம், மருமகள் மேல் வேண்டாம், உன் மேலும் வேண்டாம், அவருடைய மனைவி நான், என் விருப்பத்தில்தான் நடத்தினேன் என்று இந்தக் கடிதத்திலேயே எழுதித் தருகிறேன், இதைப் பத்திரமாக வைத்துக்கொள். ஆனால் முடிந்த மட்டும் விழ விட மாட்டேன். குதிகாலில் பட்டை வைத்த வழுக்காத செருப்பு வாங்கச் சொல்லியிருக்கிறேன். அந்த ஆடுகிற கல்லைத் தையல்காரரே ஆள் வைத்துச் சிமெண்டு போட்டுவிட்டார். மழை ஈரம் இருந்தால் வெளியே இல்லை, வீட்டுக்குள்ளேயே நடை. சனி ஞாயிறு உன் தம்பி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். உன் வார்டில் நடை பழக்குகிறவர்கள் இருப்பார்களே, எப்படிப் பிடிக்க வேண்டும், கையையா இடுப்பையா, எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று நீ எழுது, அப்படியே செய்கிறேன். நீ கற்றதை எல்லாம் அவரை உட்கார வைக்கப் பயன்படுத்தாமல் நடக்க வைக்கப் பயன்படுத்து, ஐந்தாம் வகுப்புக்காரி வரிக்கு வரி படித்துப் பின்பற்றுகிறேன்.

நீயும் உடம்பைப் பார்த்துக்கொள், பன்னிரண்டு மணி நேரம் நின்றபடி வேலை பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தும் நின்றபடி சாப்பிடாதே. மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல், பேரனுக்கு என் முத்தம். நீங்கள் மூன்று பேரும் நூறு வயசு, சொந்தக் காலில் நின்று, சொந்தப் புத்தியோடு வாழ வேண்டும், இதற்கு மேல் பெரிய ஆசீர்வாதம் எனக்குத் தெரியாது. மறுபடியும் சொல்கிறேன், போனில் சொன்னால் உன் தம்பி ஒத்துக்கொள்ள மாட்டான், எழுத்தில்தான் வேண்டும், கிடைத்த அன்றே எழுதித் தபாலில் போடு, நாள் கடத்தாதே.

அந்தக் கவரிலேயே உன்னுடைய புதுப் போட்டோ ஒன்று வைத்து அனுப்பு. கூடத்தில் மாட்டியிருக்கிறது நீ நர்ஸ் படிப்பு முடித்தபோது எடுத்தது, இருபத்திரண்டு வயசு, இரட்டை ஜடை. அவருக்குள் இருக்கிறவளும் அவள்தான். இப்போது உனக்கு முன்தலை நரைத்திருக்கிறது, கண்ணாடி போட்டிருக்கிறாய். போனில் அனுப்பாதே, அது வந்த வேகத்தில் உள்ளே போய்விடுகிறது, கையில் பிடிக்கிற மாதிரி பெரியதாக, நரையை மறைக்காமல், முகம் நேராகத் தெரிய எடுத்து அனுப்பு. காலையும் மாலையும் அவருக்குக் காட்டி, இது யாரு, உங்க பொண்ணு என்று சொல்லிச் சொல்லிப் பழக்குவேன். இன்னும் ஏதாவது புதிதாகப் பதிகிற இடம் அவருக்குள் கொஞ்சம் மிச்சம் இருக்கும்போதே அனுப்பிவிடு. நீ லீவு கிடைத்து வந்து வாசலில் நிற்கும்போது, யாரும்மா நீங்க, யாரைப் பார்க்கணும் என்று அவர் உன்னைக் கேட்கக் கூடாது. எனக்கு நேர்ந்தது உனக்கு நேரக் கூடாது.

உன் பதிலுக்காகப் பூட்டிய கேட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்,
உன் அம்மா